கட்சியை வென்ற வேட்பாளர்



அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்கும் டொனால்ட் டிரம்புக்கும் உள்ள உறவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். டிரம்பின் குணத்தைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் நாள்தோறும் படிக்கிறீர்கள். அதையே இங்கே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். என் கவலை கட்சியைப் பற்றியது. 1854-இல் அடிமைமுறையின் பரவலை எதிர்த்துப் பிறந்து, ஆபிரகாம் லிங்கனைத் தந்த கட்சி அது. 2015 வரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாத, அரசிலோ படையிலோ ஒருநாள்கூடப் பணியாற்றாத, தொலைக்காட்சியால் புகழ்பெற்ற ஒரு தொழிலதிபரின் கைக்குப் பதினோரு மாதத்தில் அது எப்படிப் போனது? போன பிறகு அது என்னவாயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே என் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் பெயரில் யார் மக்கள் முன் நிற்பது என்று தீர்மானிப்பதுதான் ஓர் அரசியல் கட்சியின் முதல் கடமை. அந்தக் கடமையைச் செய்ய வேண்டியவர்கள் 2015-16இல் அதைப் பிறர் செய்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். டிரம்பின் பலத்தைவிட அவர்களுடைய அந்தக் கணக்குதான் கட்சியை அவரிடம் சேர்த்தது. வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமையை இழந்த கட்சியால், பிறகு தேர்தல்களில் வென்றபோதும்கூட அதைத் திரும்பப் பெற முடியவில்லை.

ஒரு தொழிலதிபர் திடீரென வந்து இக்கட்சியின் வேட்பாளரானது 2016-இல் முதல்முறை நடந்ததல்ல. 1940-இல் வெண்டல் வில்கி வந்தார். காமன்வெல்த் அண்ட் சதர்ன் என்ற பெரிய மின்சார நிறுவனத்தின் தலைவர் அவர். எந்தப் பதவிக்கும் தேர்தலில் வென்றவரில்லை. சிறிது காலம் முன்புவரை எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியில் இருந்தவர். அன்றைய பெரும் பத்திரிகைகள் அவரை நாடறிந்த மனிதராக்கின. பிலடெல்பியா மாநாட்டில் பார்வையாளர் மாடங்களிலிருந்து அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளரானார். தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1944-இல் வில்கி மீண்டும் முயன்றார். விஸ்கான்சின் மாநிலத்தில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பேராளர் ஒருவர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. உடனே விலகிக்கொண்டார். முதலில் கட்சி அவரை ஏற்றுக்கொண்டது. தனக்கு ஒவ்வாதவர் என்று கண்டபோது நிறுத்திவிட்டது. அவருக்காகத் தன் கொள்கையைக் கழற்றி வைக்கவில்லை. வில்கிக்கும் புகழ் இருந்தது, பணம் இருந்தது, வெளியிலிருந்து வந்தவர் என்ற கவர்ச்சியும் இருந்தது. ஆனால் மாநாட்டு மண்டபத்தில் கூடி, ஒருவரோடு ஒருவர் பேசி, சுற்றுக்குச் சுற்று மனம் மாறி முடிவெடுக்கும் பேராளர்கள் என்ற வாசல் ஒன்று அன்று இருந்தது.

அந்த வாசல் நல்ல காரணத்துக்காகத்தான் அகற்றப்பட்டது. 1968-இல் ஜனநாயகக் கட்சியில் ஹூபர்ட் ஹம்ப்ரி, மாநிலங்களில் நடக்கும் பிரைமரி எனும் உட்கட்சித் தேர்தல் ஒன்றில்கூட நிற்காமலே வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அடைத்த அறைக்குள் தலைவர்கள் எடுக்கும் முடிவு எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். விதிகள் திருத்தப்பட்டன, மாநிலச் சட்டங்கள் மாறின, குடியரசுக் கட்சியும் அதே வழிக்கு வந்தது. சாதாரண வாக்காளரே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை நிலைத்தது. மக்களாட்சியில் நம்பிக்கையுள்ள எவரும் இதைக் குறைசொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால், பல மாநிலங்களில் அடுத்தடுத்துத் தேர்தல், பத்துப் பதினைந்து பேர் போட்டி என்றால், வாக்காளருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயருக்கு ஒரு தனி விலை உண்டாகிவிடுகிறது. அந்த விலையை நன்றாக அறிந்தவர் டிரம்ப்.

2004 ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சியில் 'தி அப்ரென்டிஸ்' நிகழ்ச்சி தொடங்கியது. உயர்ந்த முதுகு கொண்ட நாற்காலியில் அமர்ந்து, எதிரில் இருப்பவர்களை எடைபோட்டு, வாரம் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் முதலாளியாக டிரம்ப் அதில் தோன்றினார். உண்மையில் அட்லாண்டிக் சிட்டியில் அவருடைய சூதாட்ட விடுதிகள் ஒருமுறைக்கு மேல் திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடியவை. பார்த்தவர்கள் மனத்தில் தங்கியது அந்த நாற்காலிதான். தயங்காமல் முடிவெடுப்பவர், யாருக்கும் கட்டுப்படாதவர் என்ற பிம்பம் பத்தாண்டுகளுக்கு மேல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. 2015 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் தன் பெயர் தாங்கிய கோபுரத்தின் நகரும் படிக்கட்டில் இறங்கிவந்து அவர் போட்டியை அறிவித்தபோது, மற்ற பதினாறு போட்டியாளர்களும் கோடிகளைச் செலவிட்டு வாங்க வேண்டிய அறிமுகம் அவர் கையில் ஏற்கனவே இருந்தது.

ஆனால் புகழால் மட்டும் ஒருவர் ஒரு கட்சியை வென்றுவிட முடியாது. வெல்வதற்கு உள்ளே ஒரு வெற்றிடம் இருக்க வேண்டும். குடியரசுக் கட்சிக்குள் அது கால் நூற்றாண்டாகவே இருந்தது. 1992-இல் ராஸ் பெரோ என்ற இன்னொரு கோடீசுவரர் சுயேச்சையாக நின்று, தாராள வணிக ஒப்பந்தங்களை எதிர்த்துப் பேசி, ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் பெற்றார். 1996-இல் பேட் புக்கானன், வணிகம், குடியேற்றம் இரண்டிலும் கட்சித் தலைமைக்கு நேர் எதிராகப் பேசி நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் வென்றார். தலைமை இவற்றை வந்துபோகும் கோபம் என்றே எடுத்துக்கொண்டது.

2012 அதிபர் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் மிட் ராம்னி தோற்ற பிறகு, கட்சியின் தேசியக் குழு தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்து 2013 மார்ச்சில் ஏறத்தாழ நூறு பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் மனத்தை வெல்ல வேண்டும், குடியேற்றச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும், பெண்களிடமும் இளைஞர்களிடமும் கனிவாகப் பேச வேண்டும் என்றது அந்த அறிக்கை. எழுதியவர்கள் நேர்மையாகவே எழுதினார்கள். ஆனால் கட்சிக்கு வெளியே இருப்பவர்களை எப்படி அழைப்பது என்று யோசித்த அளவுக்கு, உள்ளேயே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

உள்ளே இருந்தவர்களின் மனநிலையைத் தெரிந்துகொள்ள பென்சில்வேனியாவின் ஈரி மாவட்டத்தைப் பாருங்கள். ரயில் என்ஜின் செய்யும் ஊர். தலைமுறை தலைமுறையாக அந்த ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள். உற்பத்தியின் ஒரு பகுதி டெக்சாஸுக்குப் போனது, வேலைகள் குறைந்தன. 2012-இல் அந்த மாவட்டம் ஒபாமாவுக்கு வாக்களித்தது. 2016-இல் டிரம்புக்கு வாக்களித்தது. மிஷிகனின் மெக்கோம் மாவட்டத்திலும் இதே கதைதான். ஒபாமாவை இரண்டுமுறை ஆதரித்துவிட்டு டிரம்பின் பக்கம் சாய்ந்த மாவட்டங்கள் நாடு முழுவதும் இருநூறுக்கும் மேல். வெளிநாட்டோடு செய்த வணிக ஒப்பந்தம் எல்லோருக்கும் நன்மை என்று இரண்டு கட்சித் தலைமைகளும் சொன்னபோது, அந்த நன்மை தங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் இவர்கள். அவர்களைப் பொருட்படுத்தாமல் விட்டது தலைமையின் தவறு. அவர்களை அறியாதவர்கள் என்று இன்று நாம் ஒதுக்கினால், அதே தவறை நாமும் செய்கிறோம்.

டிரம்ப் அந்தக் கோபத்தின் மொழியைப் பேசினார். அதோடு குடியேறிகள்மீதும் இஸ்லாமியர்மீதும் வெறுப்பையும் கலந்து பேசினார். நியாயமான குறையும் வெறுப்பும் ஒரே குரலில் வந்தபோது, முன்னதற்குச் செவிகொடுத்துப் பின்னதைத் துணிந்து மறுப்பதுதான் கட்சித் தலைவர்கள் செய்திருக்க வேண்டியது. இரண்டையும் அவர்கள் செய்யவில்லை.

2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லாண்ட் நகரம். முதல் விவாதம். மேடையில் பத்துப் பேர். இரண்டு கோடியே நாற்பது லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெறியாளரின் முதல் கேள்வி: கட்சி யாரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தாலும் அவரை ஆதரிப்பேன், சுயேச்சையாக நிற்க மாட்டேன் என்று உறுதி தர விரும்பாதவர்கள் கை உயர்த்துங்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது, டிரம்புடையது. கட்சி மேடையில் நின்றுகொண்டு, கோடிக்கணக்கானோர் பார்க்க, இந்தக் கட்சிக்கு நான் கடன்பட்டவனில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே அரங்கில்தான் கட்சி அவரைத் தன் வேட்பாளராக அறிவித்தது.

கை உயர்த்தியவரைக் கட்சி என்ன செய்தது? தேசியக் குழுவின் தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, செப்டம்பரில் டிரம்பின் கோபுரத்துக்கே போய்க் கையெழுத்து வாங்கிவந்தார். கட்சி அவரைக் கட்டிவிட்டதாக நினைத்தது. நடந்தது வேறு. அந்தப் பத்திரம் மற்ற பதினாறு பேரையும் டிரம்பை ஆதரிக்கக் கடமைப்பட்டவர்களாக்கியது. டிரம்போ, அடுத்த மார்ச் மாதமே அந்த உறுதியைக் கைவிட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

இதற்கிடையே போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். டிரம்ப் தானாகச் சரிந்துவிடுவார். அவருடைய ஆதரவாளர்கள் பிறகு என் பக்கம் வருவார்கள். அதுவரை அவரைப் பகைத்துக்கொள்ளாமல், எனக்கு இடையூறாக இருக்கும் மற்றவரை வீழ்த்துவேன். போட்டியாளர்களில் ஒருவரான ஜெப் புஷ்ஷுக்காகத் திரட்டப்பட்ட நிதி பத்துக் கோடி டாலருக்கு மேல். அதில் கணிசமான பகுதி மார்கோ ரூபியோ போன்ற சக போட்டியாளர்களைத் தாக்கும் விளம்பரங்களுக்குப் போனது.

தென் கரோலினாவில் இந்தக் கணக்கின் விளைவு வெட்டவெளிச்சமானது. புஷ் குடும்பத்துக்கு நெடுங்காலச் செல்வாக்குள்ள மாநிலம் அது. 2016 பிப்ரவரியில் அங்கே நடந்த விவாதத்தில், ஜெப் புஷ் பக்கத்தில் நிற்கையிலேயே, அவர் அண்ணனும் முன்னாள் அதிபருமான ஜார்ஜ் புஷ் தொடங்கிய ஈராக் போர் மாபெரும் தவறு என்று டிரம்ப் சொன்னார். அரங்கம் கூச்சலிட்டது. முன்னாள் அதிபரே தம்பிக்காக அங்கே பிரசாரத்துக்கு வந்தார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. டிரம்புக்கு 32.5 விழுக்காடு. ரூபியோவும் டெட் குரூஸும் 22 விழுக்காட்டை ஒட்டி நெருங்கி நின்றார்கள். ஜெப் புஷ் 8 விழுக்காட்டையும் எட்டவில்லை. மூன்றில் இரண்டு பேர் டிரம்பை வேண்டாம் என்ற மாநிலத்தில், 50 பேராளர்களும் டிரம்புக்கே போனார்கள். விதி அப்படி இருந்தது. 2012-இல் ராம்னிக்கு நேர்ந்ததுபோல இழுபறி நீளாமல், முன்னணியில் இருப்பவர் விரைவில் வெல்லட்டும் என்றுதான் கட்சி தன் கால அட்டவணையைச் சுருக்கியிருந்தது. தலைமையின் வேட்பாளருக்காகப் போட்ட பாதையில் டிரம்ப் நடந்துபோனார்.

மார்ச் 3 அன்றுதான் மிட் ராம்னி யூட்டா பல்கலைக்கழகத்தில் எழுந்து, டிரம்ப் போலியானவர், ஏமாற்றுக்காரர் என்று பகிரங்கமாகச் சொன்னார். துணிவான பேச்சு, காலம் கடந்த பேச்சு. அதற்குள் டிரம்ப் பத்து மாநிலங்களில் வென்றிருந்தார். மே 3 அன்று இண்டியானாவில் தோற்ற குரூஸ் விலகினார். மறுநாள் எஞ்சியிருந்த ஜான் கேசிக்கும் விலகினார். உட்கட்சித் தேர்தல்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் டிரம்ப் பெற்றது சுமார் 1 கோடியே 40 லட்சம் வாக்குகள். அந்தக் கட்சியின் வரலாற்றில் அதுவரை எவரும் பெறாத எண்ணிக்கை. ஆனாலும் மொத்த வாக்குகளில் பாதிக்கும் குறைவு. 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது' என்று நம் ஊரில் சொல்வார்கள். ஊர்ப் பிடாரிகள் ஒன்றையொன்று ஓட்டிக்கொண்டிருந்ததால்தான் அது நடந்தது.

2016 நவம்பரில் டிரம்ப் அதிபர் தேர்தலில் வென்றார். மிஷிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசம் அவருக்கு வெள்ளை மாளிகையைத் தந்தது. அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கு மேல் அதிக வாக்குகள் பெற்றிருந்தார். ஆனால் வென்றவர் வென்றவர்தான். இனி, கட்சி என்னவாயிற்று என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் கொள்கை. தாராள வணிகம் குடியரசுக் கட்சி பல பத்தாண்டுகளாகக் கட்டிக் காத்த கோட்பாடு. பதவியேற்ற சில நாள்களில், 2017 ஜனவரி 23 அன்று, பசிபிக் நாடுகளோடு செய்த வணிக ஒப்பந்தத்திலிருந்து டிரம்ப் விலகினார். 2018 மார்ச்சில் எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் இறக்குமதி வரி போட்டார். நேற்றுவரை வரிகளை எதிர்த்துப் பேசிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமைதியானார்கள். ஒரு கட்சி தன் கொள்கையை மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை. விவாதித்து, ஏன் மாறுகிறோம் என்று சொல்லி மாற வேண்டும். இங்கே விவாதமே நடக்கவில்லை. 2020-இல் அது உச்சத்துக்குப் போனது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கொள்கை அறிக்கை எழுதும் வழக்கமுள்ள கட்சி, அந்த ஆண்டு எழுதவே இல்லை. அதிபரின் திட்டத்தைத் தொடர்ந்து உற்சாகமாக ஆதரிப்போம் என்று ஒரு தீர்மானம் போட்டு நிறுத்திக்கொண்டது.

அடுத்து, வாக்காளர்கள். ஈரி போன்ற ஊர்கள் உள்ளே வந்தபோது, புறநகர்களில் வாழும் படித்த குடும்பங்கள் வெளியேறின. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம் பழைய குடியரசுக் கட்சியின் கோட்டை. 1936-க்குப் பிறகு முதல்முறையாக 2016-இல் அது ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தது. முதலாளிகளின் கட்சி என்று அறியப்பட்டது, உழைக்கும் மக்களின் பெரும்பகுதியைத் தன்பால் ஈர்த்தது. இது உண்மையான மாற்றம். இதை வெறும் தீமை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துவது: கட்சிக்குள் மறுத்துப் பேசும் உரிமை போனது. 2020 தேர்தலில் டிரம்ப் தோற்ற பிறகு, 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆதரவாளர்களால் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. உறுப்பினர்கள் உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்தார்கள். அன்றிரவே அவை மீண்டும் கூடியபோது, குடியரசுக் கட்சியின் 147 உறுப்பினர்கள் தேர்தல் முடிவுக்கு எதிராக வாக்களித்தார்கள். அடுத்த வாரம் டிரம்ப்மீது கொண்டுவரப்பட்ட பதவி நீக்கக் குற்றச்சாட்டை ஆதரித்தவர்கள் பிரதிநிதிகள் சபையில் பத்தே பேர். அந்தப் பத்துப் பேரில் நால்வர் 2022 தேர்தலில் நிற்கவில்லை, நால்வர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள், இருவரே மீண்டார்கள்.

உட்கட்சித் தேர்தலில் தோற்ற நால்வரில் ஒருவரான லிஸ் செனியை மட்டும் பாருங்கள். முன்னாள் துணை அதிபரின் மகள். கொள்கையில் அசைக்க முடியாத பழமைவாதி. டிரம்ப் முதல்முறை பதவியில் இருந்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வாக்கெடுப்புகளில் அவருடைய நிலைப்பாட்டையே ஆதரித்தவர். 2020 தேர்தல் திருடப்பட்டது என்பது பொய் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, 2021 மே மாதம் கட்சியின் அவைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த எலிஸ் ஸ்டெஃபானிக், அதே வாக்கெடுப்புகளில் டிரம்பைச் செனியைவிடக் குறைவாக ஆதரித்தவர். அடுத்த ஆண்டு வயோமிங் மாநில உட்கட்சித் தேர்தலில் செனிக்கு 30 விழுக்காடு வாக்குகூடக் கிடைக்கவில்லை. கொள்கை என்ற அளவுகோல் போய், ஒரு மனிதரிடம் காட்டும் விசுவாசம் என்ற அளவுகோல் வந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023 ஆகஸ்டில் மில்வாக்கியில், 2024 தேர்தலுக்காக, மீண்டும் ஒரு முதல் விவாதம். எட்டுப் பேர் மேடையில். டிரம்ப் வரவே இல்லை. நீதிமன்றம் டிரம்பைக் குற்றவாளி என்று தீர்த்தாலும், அவர் வேட்பாளரானால் ஆதரிப்பீர்களா என்று கேட்டுக் கை உயர்த்தச் சொன்னார்கள். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த இளம் தொழிலதிபர் விவேக் ராமசாமி உடனே உயர்த்தினார். ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் பக்கங்களில் ஒருமுறை பார்த்துவிட்டு உயர்த்தினார். ஆறு கைகள் உயர்ந்தன. 2015-இல் கட்சிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று ஒருவர் கை உயர்த்தினார். எட்டு ஆண்டுகளில், அவரை எதிர்த்துப் போட்டியிட வந்தவர்களே அவருக்குக் கட்டுப்படுகிறோம் என்று கை உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் தேசியக் குழுவின் இணைத் தலைவராக டிரம்பின் மருமகள் பொறுப்பேற்றார்.

உங்களில் சிலர் கேட்கலாம்: கட்சி அழிந்துவிடவில்லையே? 2024-இல் டிரம்ப் மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் 312 பெற்றதோடு, மக்கள் வாக்கிலும் முதலிடம் பெற்று வென்றாரே? 2013 அறிக்கை ஏங்கிய லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்குகள்கூட, ராம்னி காலத்து 27 விழுக்காட்டிலிருந்து 40-ஐத் தாண்டினவே? கேள்வி நியாயமானது. தேர்தல் வெற்றி ஒன்றே கட்சியின் பயன் என்றால், டிரம்ப் தன் கட்சிக்கு நன்மையே செய்தார்.

ஆனால் கட்சி என்ற அமைப்பை மனிதர்கள் ஏன் உருவாக்கினார்கள்? ஒரு தலைவரின் ஆயுளைத் தாண்டி ஒரு கருத்தைக் கொண்டுசெல்ல. அதிகாரம் பெற்ற தன் தலைவர் தவறு செய்யும்போது, எதிரியின் குரலாக அல்லாமல் சொந்த வீட்டின் குரலாக வேண்டாம் என்று சொல்ல. 1974-இல் வாட்டர்கேட் ஊழலில் அதிபர் நிக்சன் சிக்கியபோது, பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட அவருடைய கட்சியின் மூத்த தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்றும் வாக்குகள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மறுநாள் நிக்சன் பதவி விலகலை அறிவித்தார். நாட்டைக் காத்தது எதிர்க்கட்சி மட்டுமில்லை. அதிபரின் சொந்தக் கட்சியும்தான். அப்படி ஒரு குழு இன்று போக முடியுமா என்பதுதான் அளவுகோல். முடியாது என்றால், எத்தனை மாநிலங்களில் வென்றாலும் அது ஒருவருடைய தேர்தல் இயந்திரமே.

இந்த நாடு, அந்த நாடு என்றில்லை. கட்சிகளில் இருப்பவர்களும் கட்சிகளுக்கு வாக்களிப்பவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. தொண்டர்களின் குறையைத் தேர்தலுக்கு முன்பே கேளுங்கள்; நீங்கள் கேட்காத குறையைக் கேட்க வேறொருவர் வருவார், அவர் கேட்கும் விலையை நீங்கள் தாங்க மாட்டீர்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை, இன்று உங்களுக்குப் பிடித்தவர் வெல்வதற்காக எழுதாதீர்கள்; நாளை பிடிக்காதவரும் அதே விதியில்தான் வெல்வார். ஒருவர் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று மனமாரத் தெரிந்தால், அதை அவர் பலவீனமாக இருக்கும்போதே, பதவி ஆசையை ஒதுக்கிவைத்து, ஒன்றாகச் சேர்ந்து சொல்லுங்கள். 2015 இலையுதிர்காலத்தில் குடியரசுக் கட்சியின் ஐந்தாறு தலைவர்கள் தங்கள் சொந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்து ஒருவர் பின்னால் நின்றிருந்தால், இன்று நாம் பேசும் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. அடுத்தவர் செய்வார் என்று காத்திருந்தார்கள். மக்களாட்சியில் அடுத்தவர் என்று தனியாக ஒருவர் இல்லை. அந்த இடத்தில் இருப்பது நாம்தான்.